சோதனை முடிந்த பிறகு கணிதரைக் கூப்பிடாதீர்கள்

வாசகர் கேள்வி:

நாள்பட்ட வைரஸ் தொற்றுக்குச் சிகிச்சை பெறுவோரை ஆராயும் சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். நான் மருத்துவர். எங்கள் ஆய்வுக்குக் கணிதம் வேண்டும் என்று ஐந்தாறு வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள். போன வருடம் கணிதத் துறையையும் எங்கள் துறையையும் சேர்த்து ஒருநாள் கருத்தரங்கு நடத்தினேன். நாற்பது பேர் வந்தார்கள், நன்றாகப் பேசினார்கள், அதோடு சரி. பிறகு நானே ஒரு கணிதப் பேராசிரியரைப் பிடித்து 38 நோயாளிகளின் தரவைக் கொடுத்தேன். ஆளுக்கு நான்கு ரத்தப் பரிசோதனை: சிகிச்சை தொடங்கிய அன்று, 7, 14, 28ஆம் நாட்களில். இரண்டு மாதம் கழித்து 14 மாறிலிகள் (தரவிலிருந்து கண்டுபிடிக்கவேண்டிய எண்கள்) கொண்ட சமன்பாடுகளோடு வந்தார். என் மாணவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரோ ‘தரவு போதாது’ என்கிறார். இன்னொரு 38 பேரைச் சேர்த்து முடிக்க எனக்கு ஒரு வருடம் ஆகும். இரண்டு மாதத்தில் அடுத்த கட்ட ஆய்வு தொடங்குகிறது. கூட்டு ஆய்வை ஊக்குவிக்கக் கொஞ்சம் நிதியும் இருக்கிறது. இன்னொரு கருத்தரங்கு நடத்தலாமா? இந்த இரண்டு கூட்டத்தையும் எப்படித்தான் சேர்த்துவைப்பது?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் வரும் கணிதப் பேராசிரியரைப் போலத்தான் நானும் இருந்தேன். முதன்முதலாக ஓர் ஆய்வகம் என்னை நம்பித் தரவு கொடுத்தபோது ஏறக்குறைய இதையேதான் செய்துவைத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது. ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருத்தரங்கு வேண்டாம். நாற்பது பேர் வந்தார்கள் என்றால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கி என்ன செய்யப்போகிறோம்? இரு தரப்பும் தத்தம் ஆய்வைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுக் கலையும் கூட்டத்திலிருந்து, மறுநாள் காலையில் உட்கார்ந்து செய்ய ஒரு வேலையோடு யாரும் திரும்பிப் போவதில்லை. நிதியை எதற்குச் செலவிடலாம் என்று பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

‘தரவு போதாது’ என்று அவர் சொன்னார். ‘நோயாளிகள் போதாது’ என்று உங்கள் காதில் விழுந்தது. மருத்துவ ஆய்வில் பழகிய காது அப்படித்தான் கேட்கும். அங்கே எண்ணிக்கைதான் பலம். ஆனால் அவர் வேறொன்றைச் சொல்ல முயன்றிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்குப் போதாதது ஆட்கள் அல்ல, நேரப் புள்ளிகள். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் பாதிச் சுவர் இறங்கிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எச்.ஐ.வி. தொற்று உடலில் நுழைந்து, நோயாக முற்றப் பத்து வருடம்கூட ஆகும். அந்த இடைக்காலத்தில் ரத்தத்தில் வைரஸின் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். மட்டம் அசையவில்லை என்பதால் உள்ளேயும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வைரஸ் தூங்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட தொட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் வெளியேற்றுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் நீர்மட்டம் நிற்கும். நிற்கும் மட்டத்தைப் பார்த்து, இரு குழாயும் மூடியிருக்கின்றனவா, இரண்டும் முழுவீச்சில் திறந்திருக்கின்றனவா என்று சொல்லமுடியாது. மேல்குழாயைச் சட்டென்று மூடிவிட்டு, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

1990களின் நடுவில் அந்தக் குழாயை மூடும் மருந்துகள் வந்தன. 1995 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் அந்த இறக்கத்தை அளந்து எழுதின. ஒன்றில் டேவிட் ஹோ என்ற மருத்துவரும் ஆலன் பெரல்சன் என்ற கோட்பாட்டு உயிரியலாளரும். மற்றொன்றில் ஜார்ஜ் ஷா என்ற மருத்துவரும் மார்ட்டின் நோவாக் என்ற கணித உயிரியலாளரும். இரண்டு பக்கத்திலும் சமன்பாடு எழுதும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். ரத்தத்தில் வைரஸ் இரண்டு நாளுக்கொரு முறை பாதியாகிறது என்று தெரிந்தது. தூக்கமாவது ஒன்றாவது.

ஆனால் அந்த எண்ணில் ஒரு குழப்பம் இருந்தது. ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் துகள் அழியும் வேகம் ஒன்று. அதை உற்பத்தி செய்யும் தொற்றுற்ற செல் அழியும் வேகம் இன்னொன்று. நாட்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்த ரத்தத்தில் இரண்டும் கலந்து ஒரே சரிவாகத் தெரியும், பிரிக்கமுடியாது. ஆனால் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும்: மருந்து கொடுத்த முதல் சில மணிநேரங்களில் வளைவு எப்படித் தோள் சாய்கிறது என்பதில் முதல் எண் ஒளிந்திருக்கிறது, அடுத்த நாட்களில் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதில் இரண்டாவது எண். ஆகவே 1996இல் ஹோ, பெரல்சன் குழு செய்தது இது: முதல் ஆறு மணிநேரத்துக்கு 2 மணிநேரத்துக்கு ஒருமுறை, இரண்டாம் நாள் வரை 6 மணிநேரத்துக்கு ஒருமுறை, பிறகு ஏழாம் நாள் வரை தினமும் ஒருமுறை ரத்தம். எத்தனை பேருக்கு? ஐந்தே ஐந்து பேருக்கு.

அந்த ஐந்து பேரிடமிருந்து இரண்டு எண்களும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. வைரஸ் துகளின் அரை ஆயுள் (பாதி அழிய ஆகும் நேரம்) சுமார் 6 மணிநேரம். தொற்றுற்ற செல்லின் அரை ஆயுள் சுமார் ஒன்றரை நாள். இவற்றை வைத்துப் பின்னோக்கிப் போனால் ஒரு நோயாளியின் உடலில் தினமும் சுமார் 1000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகி அழிகின்றன. இந்த வைரஸின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 10,000 எழுத்து நீளம். பிரதி எடுக்கும்போது அது தவறு செய்யும் வேகமும் தெரிந்ததுதான். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் எழுத்து மாறிய வைரஸ் எல்லா வகையிலும் ஒவ்வொரு நாளும் பிறந்துகொண்டே இருக்கிறது என்று வரும். ஒற்றை மருந்து ஏன் தோற்றுப்போகிறது, மூன்று மருந்தைச் சேர்த்து ஏன் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதற்கு அதுவே கணக்கு.

முதல் மணிநேரங்களில் ரத்தம் எடுக்கவேண்டும் என்ற முடிவு, ரத்தம் எடுப்பதற்கு முன்னால் எடுக்கப்பட்டது. எடுத்து முடித்து, ஃப்ரீசரில் வைத்து, அட்டவணையாக்கி, ஆறு மாதம் கழித்துக் கணிதரிடம் நீட்டியிருந்தால் பெரல்சனாலும் ஒன்றும் செய்திருக்கமுடியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸிலும் இதே கதைதான். 1998இல் நியூமன், பெரல்சன் முதலானோர் இன்டர்ஃபெரான் என்ற மருந்து கொடுத்த முதல் இரண்டு நாட்களை நெருக்கமாக அளந்தார்கள். துகளின் அரை ஆயுள் 3 மணிநேரத்துக்கும் குறைவு என்று வந்தது. அதைவிட முக்கியம், மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதே அந்த முதல் வீழ்ச்சியின் வடிவத்திலிருந்து தெரிந்தது: புதிய செல்களில் தொற்று பரவுவதைவிட, வைரஸ் உற்பத்தியைத்தான் அது முதன்மையாகத் தடுக்கிறது.

இப்போது உங்கள் அட்டவணையைப் பாருங்கள். 0, 7, 14, 28. சுவையான பகுதி முதல் ஏழு நாட்களுக்குள் முடிந்தே போயிருக்கலாம். அதே நாட்களில் இன்னொரு 38 பேரிடம் அளந்தாலும், 380 பேரிடம் அளந்தாலும், தொலைந்துபோன அந்த வாரம் திரும்பி வராது.

இனி உங்கள் பேராசிரியர் பக்கத்துத் தவறு. ஆளுக்கு நான்கு புள்ளி வைத்துக்கொண்டு 14 மாறிலி போட்டது அவருடைய பிழைதான், மழுப்ப வேண்டியதில்லை. இரண்டு எண்களைப் பெருக்கினால் 12 வருகிறது என்று மட்டும் சொன்னால், அவை 3உம் 4உமா, 2உம் 6உமா என்று யாராலும் கண்டுபிடிக்கமுடியாது. சமன்பாட்டில் இதுபோன்ற இரட்டையர்கள் பல ஒளிந்திருப்பார்கள். அப்போது எந்தத் தரவைக் கொடுத்தாலும் வளைவு அழகாகப் பொருந்தும்; எதற்கும் பொருந்தும் ஒன்று எதையும் சொல்லாது. 1996இன் அந்தக் கணக்கில் உண்மையில் வேலை செய்தவை இரண்டே மாறிலிகள் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். எங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறோம் என்றால், பெரும்பாலும் பயத்தினால். நோயெதிர்ப்பியலில் நமக்குத் தெரியாதது ஏராளம், எதையாவது விட்டுவிட்டால் மருத்துவர் கேலி செய்வார் என்று, படித்த அத்தனை செல் வகைகளையும் உள்ளே அடைத்துவிடுவோம். விடத் துணிவதற்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் வேண்டும். ‘இந்த நான்கு வாரத்தில் இது மாறாது, தூக்கிப்போடுங்கள்’ என்று நீங்கள்தான் சொல்லமுடியும்.

என் கதைக்கு வருகிறேன். எலிகளில் புற்றுக்கட்டி வளரும் வேகத்தை அளந்த ஓர் ஆய்வகம் எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பியது. நான் அந்த ஆய்வகத்துக்குள் காலடி வைத்ததில்லை. சராசரியை வரைந்து பார்த்தால், கட்டி வேகமாக வளர்ந்துகொண்டே போய், மூன்றாவது வாரத்தில் வளைவு தளர்ந்து படுத்தது. எனக்கு ஒரே குதூகலம். கட்டி பெரிதானதும் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் போதாமல் வளர்ச்சி தேய்கிறது என்று ஒரு விளக்கம் தயாரித்து, அதற்கு ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்து, பன்னிரண்டு பக்கம் எழுதி, அவர்கள் முன்னால் போய்ப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் ஒருவர், தினமும் காலிப்பரை வைத்து அளந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், அந்த வாரத்துக்குள்ள பெரிய கட்டி இருந்த எலிங்களை எல்லாம் எடுத்துடுவோமே?”

விலங்குச் சோதனை விதிப்படி, கட்டி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த எலியை மேலும் வேதனைப்படவிடாமல் கொன்றுவிடவேண்டும். ஆகவே மூன்றாவது வாரத்துச் சராசரியில் மிஞ்சியிருந்தவை மெதுவாக வளர்ந்த கட்டிகள் மட்டுமே. எந்தக் கட்டியும் தளரவில்லை. வேகமானவை பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தன. கோப்பில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன, நான் ‘அன்றைக்கு அளக்கவில்லை போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டேன். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். அவ்வளவு சாதாரணமானது என்பதால்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, அளந்தவரைப் பார்க்காமல் எந்தத் தரவையும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நீங்களும் தரவைக் கொடுக்கும்போது கூடவே ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு பத்தியிலும் இருப்பது என்ன, யார் எந்தக் கருவியால் அளந்தது, வெற்றுக் கட்டத்துக்கு என்ன பொருள். வைரஸ் அளவில் இந்த மூன்றாவது மிகவும் முக்கியம். அளக்கவே இல்லையா, அளந்து பூஜ்யமா, கருவியால் காணமுடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதா? மூன்றையும் 0 என்றே எழுதிவைக்கும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன். (எக்செல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். சில மரபணுக்களின் பெயர்களை அது தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் சர்வதேசக் குழு அலுத்துப்போய் 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது.)

சொற்கள் செய்யும் கூத்தையும் சொல்லவேண்டும். ‘மாடல்’ என்றால் உங்களுக்கு எலி, எனக்குச் சமன்பாடு. ‘வெக்டர்’ உங்களுக்குக் கொசு, எனக்கு அம்புக்குறி. ‘கன்ட்ரோல்’ உங்களுக்கு மருந்து கொடுக்காமல் வைத்திருக்கும் குழு, எனக்கு ஓர் அமைப்பை விரும்பிய திசையில் செலுத்தும் கலை. தமிழில் பேசினால் இன்னும் மோசம்: மாடலும் மாதிரி, சாம்பிளும் மாதிரி, ‘அந்த மாதிரி’ என்பதும் மாதிரி. ‘உங்கள் மாதிரி சரியில்லை’ என்று ஒருமுறை சொன்னேன்; ரத்தத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைத்து ஒரு நண்பர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. முதல் இரண்டு சந்திப்பில் யாராவது ‘அப்படியென்றால்?’ என்று ஐந்து முறையாவது கேட்கவில்லை என்றால், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணிதரிடம் எதைக் கேட்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இந்தத் தரவை வைத்து ஏதாவது செய்யமுடியுமா?’ என்பது மிக மோசமான கேள்வி. அதற்கு எப்போதும் ‘முடியும்’ என்றுதான் பதில் வரும். எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 1908இல் மரபியலாளர் பன்னெட்டுக்கு ஒரு சிக்கல். ஓங்கு பண்பு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) என்றால் தலைமுறை தலைமுறையாக அது பெருகி எல்லோரிடமும் வந்துவிடவேண்டுமே, குட்டை விரல் ஏன் ஊரெல்லாம் பரவவில்லை என்ற கேள்வி எழுந்தது. பதில் தெரியவில்லை. கிரிக்கெட் ஆடப் போகும் இடத்தில் பழகிய நண்பரிடம் கேட்டார். அந்த நண்பர்தான் ஹார்டி, பின்னாளில் ராமானுஜனை அழைத்துக்கொண்ட அதே ஹார்டி. பள்ளி இயற்கணிதம் அளவில் ஒரு பெருக்கல்தான். விகிதம் மாறாது என்று ஒரு குறுங்கடிதமாக எழுதி ‘சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பினார், தனக்குத் தெரியாத துறையில் தலையிடுவதற்குத் தயக்கம் தெரிவித்துக்கொண்டே. அதே வருடம் வைன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் தனியாகவே அந்த முடிவுக்கு வந்திருந்தார். இன்று மரபியல் வகுப்பின் முதல் வாரத்தில் வருவது அது. கூர்மையான கேள்வி என்றால் ஒரு பக்கக் கணிதம் போதும்.

கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆலன் கார்மக்கின் கதை. 1955இல் கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் இயற்பியலாளர் பணி காலியானது. கதிரியக்கப் பொருட்களை மேற்பார்வையிட ஆள் வேண்டும் என்பதால், பல்கலைக்கழக விரிவுரையாளரான கார்மக் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய் உட்கார்ந்தார். கதிர்ச் சிகிச்சையைத் திட்டமிடுபவர்கள் உடல் முழுவதும் ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்தார். வெளியிலிருந்து பல கோணங்களில் செலுத்திய எக்ஸ் கதிர் எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்பதிலிருந்து, உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று மீட்டெடுக்கமுடியுமா? கணிதத்தைத் தானே உருவாக்கி 1963, 1964இல் வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. தனக்கு வந்த விசாரிப்புகளில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று பின்னால் நோபல் உரையில் குறிப்பிட்டார். அந்தக் கணக்கை ராடன் என்ற கணிதவியலாளர் 1917லேயே தீர்த்துவைத்திருந்தார் என்பது கார்மக்குக்குத் தெரிந்ததோ அந்தக் கணக்கில் இறங்கிப் பதினான்கு வருடம் கழித்து. ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971இல், அதுவும் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் தன் வழியில் தனியாகக் கட்டிய கருவியில். விடை ஓர் அலமாரியிலும் கேள்வி இன்னோர் அலமாரியிலும் அரை நூற்றாண்டு கிடந்தன. கார்மக்கை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது எந்தக் கருத்தரங்கும் இல்லை, மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த அந்த ஒன்றரை நாள் நாற்காலிதான்.

உங்கள் நிதி அந்த நாற்காலிக்குப் போகட்டும். கூட்டம், விருந்து, பதாகை எதற்கும் வேண்டாம். ஒரு முனைவர் பட்ட மாணவரையோ, பட்டம் முடித்த இளம் ஆய்வாளரையோ கணிதத் துறையிலிருந்து எடுங்கள். இரண்டு வழிகாட்டிகள், நீங்களும் அந்தக் கணிதப் பேராசிரியரும். மேசை உங்கள் ஆய்வகத்தில் இருக்கவேண்டும். பேராசிரியர்கள் மாதம் ஒருமுறை சந்திப்போம் என்று உறுதி சொல்லிக்கொண்டு மறந்துபோவார்கள். தினமும் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ பையனோதான் மொழிபெயர்ப்பாளர் ஆவார். என் அனுபவத்தில் உருப்பட்ட கூட்டு ஆய்வுகள் எல்லாவற்றிலும் இப்படி நடுவில் ஒரு இளையவர் இருந்தார். ஒரே கட்டடத்தில் இருப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அமெரிக்காவின் மோஃபிட் புற்றுநோய் மையம் ஓர் உதாரணம். அங்கே கதிரியக்க மருத்துவரான ராபர்ட் கேட்டன்பியின் முனைப்பில், 2008இல் மருத்துவமனைக்குள்ளேயே கணிதப் புற்றியலுக்கு ஒரு துறை தொடங்கினார்கள். புராஸ்டேட் புற்றில் கட்டியை அடியோடு அழிக்க முயலாமல், அதன் அடையாளமாக ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு பாதியானதும் மருந்தை நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் மீண்டும் தொடங்கும் முறை அங்கிருந்து வந்தது. 2017இல் வெளியான முதல் முடிவுகளில் வழக்கமான மருந்தின் பாதிக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. 11 நோயாளிகள்தான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. அதை மறந்துவிட்டு உற்சாகப்படவேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி எழுந்ததற்கே சமன்பாடு பக்கத்து அறையில் இருந்ததுதான் காரணம்.

கூட்டம் நடத்தியே ஆகவேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தினால், பிரச்சினை வாரம் ஒன்று நடத்துங்கள். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொழில்துறைக்காகத் தொடங்கிய முறை, 2000 முதல் பிரிட்டனில் மருத்துவத்துக்கும் வந்தது. திங்கட்கிழமை காலையில் நான்கைந்து மருத்துவ ஆய்வாளர்கள் தாங்கள் சிக்கிக்கொண்ட ஒரு இடத்தை மட்டும் சொல்லுவார்கள். கணிதர்கள் விரும்பியதில் உட்காருவார்கள், மருத்துவர் ஓடிவிடாமல் கூடவே இருப்பார். வெள்ளிக்கிழமை அரைகுறையாக ஏதோ ஒன்று கரும்பலகையில் இருக்கும். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே செத்துவிடும், அது நல்லதே.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக. ஆசிரியர் பெயர் வரிசையை முதல் மாதமே எழுதிவையுங்கள். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. உங்களிடம் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்தான் மரியாதை. பதினாலு பேரில் எட்டாவதாகக் கணிதரின் பெயர் வந்தால், அவருடைய பதவி உயர்வுக் குழு ‘இவர் என்ன, தட்டச்சு செய்தாரா?’ என்று பார்க்கும். ஒரு கட்டுரை உங்கள் இதழுக்கு, அதிலிருந்து எழும் கணிதக் கேள்வி தனியாக அவர் இதழுக்கு என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. அவருக்கு அப்படி ஒரு கணிதக் கேள்வி கிடைக்காமல் போனால் அவர் உங்களிடம் நிலைக்கமாட்டார், அதில் தப்பும் இல்லை. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடவேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் அவரைத் தொந்தரவு செய்யவேண்டாம். அதற்குப் புள்ளியியலாளர் வேண்டும், அது வேறு தொழில். எப்போது, எத்தனை இடைவெளியில், எந்த வரிசையில் என்பவை சமன்பாட்டுக்காரரின் கேள்விகள். மார்பகப் புற்றில் அதே மருந்துகளை அதே அளவில் மூன்று வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் மேல் என்று 2003இல் வெளியான பெரிய சோதனை காட்டியது. 2005 பெண்கள் பங்கேற்ற சோதனை. சிறிய கட்டிதான் விகித அளவில் வேகமாக வளரும், ஆகவே சுருங்கிய கட்டிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காதே என்று லாரி நார்ட்டன் என்ற மருத்துவரும் ரிச்சர்ட் சைமன் என்ற புள்ளியியலாளரும் 1977இல் போட்ட கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட வளர்ச்சிச் சூத்திரமோ, மனிதர் எந்த வயதில் எவ்வளவு இறக்கிறார்கள் என்று பார்க்க ஆயுள் காப்பீட்டுக் கணக்கர் கோம்பெர்ட்ஸ் 1825இல் எழுதியது. (சைமன் புள்ளியியலாளர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். நான் மேலே போட்ட கோட்டை நல்லவர்கள் தாண்டுவார்கள்.)

இனி இந்த வாரம் செய்யவேண்டியது. அந்தப் பேராசிரியரை மறுபடி கூப்பிடுங்கள். பழைய 38 பேரின் தரவைப் பற்றிப் பேச்செடுக்கவேண்டாம். அடுத்த கட்ட ஆய்வின் ரத்தம் எடுக்கும் அட்டவணையை, இன்னும் இறுதியாகாத அந்த ஒற்றைத் தாளை, அவர் முன்னால் வையுங்கள். ‘எல்லோருக்கும் முடியாது, ஆறு பேரை முதல் இரண்டு நாள் வார்டிலேயே வைத்துக்கொள்ளமுடியும், ஆளுக்கு எட்டு முறைக்கு மேல் ஊசி குத்தமுடியாது. எந்த எட்டு நேரம்?’ என்று கேளுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பதில் சொல்ல அவர் 14இல் பன்னிரண்டைத் தூக்கியெறிந்தாகவேண்டும், எதை எறிவது என்று உங்களைக் கேட்டாகவேண்டும்.

நேரத்தை மாற்றினால் நெறிமுறைக் குழுவிடம் திருத்த மனு போடவேண்டியிருக்கும். தரவைப் பார்ப்பவர் என்று அவர் பெயரையும், வரப்போகும் மாணவர் பெயரையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாதம் என்கிறீர்கள். அந்தக் குழு அடுத்து என்றைக்குக் கூடுகிறது என்று முதலில் பாருங்கள்.

அன்புடன்.